துரை பங்களா வியாதி

1998-ஆம் வருடம், ஆவணி மாதம். பெங்களூரு மர்பி டவுனில் குடியிருந்தோம். எனக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட் வேலை. அலுவலகம் இரண்டாவது மாடியில். ஏறி முடிப்பதற்குள் மூன்று இடத்தில் நின்று, சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவேன். ரிட்டயர் ஆகப் போகிற கணக்கர் என்னைத் தாண்டிக்கொண்டு விறுவிறு என்று ஏறிப் போவார். எனக்கு வெட்கமாக இருக்கும்.

எங்களுக்குச் சொந்த ஊர் கோலார் தங்கவயல். அப்பா சுரங்கத்துக்குள் இறங்கி வேலை பார்த்தவர். ஐம்பது வயதைத் தொடுவதற்கு முன்பே மூச்சிரைப்பில் இறந்துபோனார். அதன் பிறகுதான் அம்மா என்னையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு பெங்களூருக்கு வந்தார். சில வருடங்களில் அம்மாவும் போய்விட்டார். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. தம்பியை நான்தான் பார்த்துக்கொண்டேன்.

தங்கவயல்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. யார் இருமினாலும், யாருக்கு மூச்சு வாங்கினாலும், ‘மைன்ஸ் தூசி’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவோம். நான் சுரங்கத்தில் ஒரு நாள்கூட இறங்கியதில்லை. ஆனால் சின்ன வயதில் அப்பாவின் வேலைச் சட்டையை உதறித் துவைத்தது நான்தான். அது போதாதா? ஆறு வருடமாகப் பார்த்த டாக்டர்களிடம் எல்லாம், அவர்கள் கேட்பதற்கு முன்பே “மைன்ஸ் தூசி சார்” என்று நானே சொல்லிவிடுவேன். அவர்களும் தலையாட்டி மருந்து எழுதிக் கொடுப்பார்கள். வேறு எதையும் யோசிக்க நான் யாருக்கும் இடம் கொடுக்கவில்லை.

கடைசியில் ஒரு பெரிய மருத்துவமனைக்குப் போனேன். அங்கே இருந்த பெண் டாக்டர் கன்னடக்காரர். எனக்காகத் தமிழில் பேசினார். வழக்கம்போல நான் தூசிக் கதையை ஆரம்பித்தேன். அவர் எக்ஸ்-ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே கையமர்த்தினார்.

“துவைச்ச தூசிக்கு இவ்வளவு ஆகாதும்மா. கல்லுத் தூசின்னா பெரும்பாலும் நுரையீரல் மேல் பக்கம்தான் தழும்பு இருக்கும். உங்களுக்குக் கீழ்ப் பக்கம் கெட்டிருக்கு.”

ரத்தம் எடுத்து வெளியூருக்கு அனுப்பினார்கள். அந்த ஆவணி முடிவதற்குள் முடிவு வந்தது. நுரையீரலைக் காக்கிற ஒரு புரதம் எல்லோருடைய ரத்தத்திலும் இருக்குமாம். எனக்கு அது மிகவும் குறைவு. பிறவியிலேயே வந்த குறை. அம்மா, அப்பா இரண்டு பேரிடமிருந்தும் வந்தால்தான் இந்த அளவுக்குக் குறையுமாம். அப்பா, அம்மாவுக்குச் சொந்தத் தாய்மாமன். அதைச் சொன்னதும் டாக்டர் தலையாட்டினார். அப்பாவைக் கொன்றது தூசி மட்டும்தானா, இதுவும் சேர்ந்ததா என்பது இனிமேல் தெரியாது என்றார். அடுத்து, “கூடப் பிறந்தவங்க இருக்காங்களா? சிகரெட் பிடிப்பாங்களா?” என்று கேட்டார்.

தம்பிக்கு இருபத்தேழு வயது. ஒரு பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தான். ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் ஊதித் தள்ளுவான். கேட்டால், ‘நான்தான் மைன்ஸ்ல இறங்கலையே’ என்பான். டாக்டரிடம் சொன்னேன்.

“உடனே கூட்டிட்டு வாங்க. அவருக்கும் இது இருந்து சிகரெட்டும் பிடிச்சா நுரையீரல் ரொம்பச் சீக்கிரம் போயிடும். போனது திரும்ப வராது.”

அன்று சாயங்காலமே அவனிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுந்தேன். வெளியே பயிற்சி டாக்டர் பையன் ஒருவன் என் ஃபைலில் எழுதிக்கொண்டிருந்தான். முடிவைப் பார்த்ததும் அவன் முகத்தில் அப்படி ஓர் ஆச்சரியம்.

“இது வெள்ளைக்காரங்களுக்கு வர்றதாச்சே! உங்க ஃபேமிலில யாராவது ஆங்கிலோ இண்டியனா மேடம்?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அவன் விகல்பமாகக் கேட்கவில்லை. ஆனால் தங்கவயலில் பிறந்தவர்களுக்கு அந்தக் கேள்வியின் அர்த்தமே வேறு. எங்கள் அப்பாவின் பாட்டி, சுரங்கத்தில் பெரிய பதவியிலிருந்த ஒரு துரையின் பங்களாவில் ஆயா வேலை பார்த்தவர். தம்பிக்குப் பூனைக்கண். நாங்கள் குடியிருந்த சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளில் சண்டை வந்தால் முதலில் வெளியே வருவது அந்தப் பங்களாக் கதைதான். அம்மா அதற்காக அழுது நான் பார்த்திருக்கிறேன். ஊர் மாறி வந்த பிறகுதான் அந்தப் பேச்சு ஓய்ந்திருந்தது. இப்போது ஆஸ்பத்திரியே எழுதிக் கொடுத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அதிலும் அப்போதுதான் ஈஜிபுராவில் தம்பிக்குப் பெண் பார்த்து நிச்சயம் செய்திருந்தோம். பெண்ணின் பெரியப்பா தங்கவயல்காரர். ஒரு சொல் கசிந்தால் போதும். பரம்பரை நோய் என்பது ஒரு பக்கம், பரம்பரையே சந்தேகம் என்பது இன்னொரு பக்கம். கல்யாணம் முடியட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று ரிப்போர்ட்டைப் பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். தம்பியிடம் “சிகரெட்டைக் குறைடா” என்று மட்டும் சொன்னேன். அதை நான் பத்து வருடமாகச் சொல்கிறேன். அவன் சிரித்துக்கொண்டே வாசலுக்குப் போய் அடுத்ததைப் பற்றவைத்தான்.

அதற்குப் பிறகு இரண்டு முறை பரிசோதனைக்குப் போனேன். இரண்டு முறையும் டாக்டர் முதலில் தம்பியைத்தான் விசாரித்தார். வெளியூரில் வேலை, வந்ததும் கூட்டி வருகிறேன் என்று கூசாமல் பொய் சொன்னேன்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. நன்றாகவே நடந்தது. இனிமேல் சொல்லலாமே? சொல்லவில்லை. புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள், ஆடி கழியட்டும் என்று அதற்கும் ஒரு சாக்கு வைத்திருந்தேன்.

பங்குனியில் எனக்குச் சளி பிடித்து மூச்சு முட்டியது. தம்பியின் மனைவிதான் ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குக் கூட்டிப் போனாள். அவள் யார் என்று நான் சொன்னதும் டாக்டர் என்னிடம், “தம்பி இன்னும் ஊரிலேர்ந்து வரலையா? ரத்தம் பார்க்கணும்னு எத்தனை தடவை சொல்லிட்டேன்” என்றார்.

“எந்த ஊரு? அவரு வூட்லதானே இருக்காரு?” என்றாள் அவள்.

குட்டு உடைந்தது. டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. எல்லாவற்றையும் அவளிடம் பொறுமையாக எடுத்துச் சொன்னார். நான் அழுதுகொண்டே, அந்தப் பயிற்சி டாக்டர் கேட்டதையும் பங்களாக் கதையையும் அங்கேயே கொட்டிவிட்டேன்.

டாக்டர் சிரிக்கவில்லை. நான் அன்றைக்கே கேட்டிருக்க வேண்டியதை அப்போது விளக்கினார். ஐரோப்பாவின் வடக்கு நாடுகளில் இந்தக் குறை அதிகம் என்பது உண்மை. அங்கேதான் முதலில் கண்டுபிடித்தார்கள், அங்கேதான் அதிகம் தேடியும் பார்த்தார்கள். ஆனால் அரபு நாடு, ஆப்பிரிக்கா, நம் நாடு என்று மற்ற இடங்களிலும் இருக்கிறது. அளவுதான் இடத்துக்கு இடம் மாறும். நம்மிடம் குறைவு என்பதால் யாரும் தேடுவதில்லை. மூச்சிரைப்பு என்று வந்தால் காசநோய், ஆஸ்துமா, தூசி என்று எழுதி முடித்துவிடுகிறோம்.

“உங்க வீட்டுக்கு எப்படி வந்ததுன்னு இந்த ரிப்போர்ட் சொல்லாதும்மா. துரை வழியா வந்திருக்கலாம், சொந்த ஜனத்துக்குள்ளயே இருந்திருக்கலாம். அது எனக்குத் தேவையில்லை. உங்க தம்பி எனக்கு வேணும்” என்றார்.

ஆட்டோவில் திரும்பினோம். அல்சூர் ஏரி வந்ததும் அவள் கேட்டாள்.

“ஊரு வாய்க்கு இவ்ளோ பயந்தீங்களேக்கா, அவரு உசுருக்குப் பயப்படலையா?”

வயதில் சின்னவள், வீட்டுக்கு வந்து இரண்டு மாதம்தான். அவள் கேட்டது நியாயம் என்பதால் கோபம்கூட வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் தம்பியை உட்காரவைத்து ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்தேன். பயிற்சி டாக்டர் சொன்னதையும் மறைக்காமல் சொன்னேன். அவன் வெடிப்பான், அவமானத்தில் குறுகிப்போவான் என்று எதிர்பார்த்தேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

“இன்னாக்கா இது, அப்ப நானு தொரை வூட்டுப் புள்ளையா? முன்னாடியே தெரிஞ்சிருந்தா பொண்ணு வூட்ல இங்கிலீஷ்ல பேசியிருப்பேனே!”

சிரித்த சிரிப்பு இருமலில் முடிந்தது. இருமல் நிற்கச் சில நிமிடங்கள் ஆயின. அவன் மனைவி தண்ணீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்த சிகரெட் பாக்கெட்டை எடுத்து அடுப்படிக் குப்பையில் போட்டாள். அவன் தடுக்கவில்லை.

அவனுக்கும் அதே குறை இருந்தது. குழாயில் ஊதிப் பார்க்கும் பரிசோதனையில், ஆறு மாடி ஏறவேண்டிய வயதில் என்னைவிடக் கொஞ்சம்தான் அதிகமாக ஊதினான். சிகரெட்டை ஒரேயடியாக விட்டான் என்று சொன்னால் பொய். இரண்டு தடவை திரும்பத் தொட்டான், மூன்றாம் தடவைதான் விட்டான். பட்டறையில் சொல்லி, தூசி இல்லாத ஸ்டோர் வேலைக்கு மாறிக்கொண்டான். அவன் மனைவி தானாகவே போய்த் தன் ரத்தத்தையும் பரிசோதித்துக்கொண்டாள். அவளுக்குக் குறை எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் குழந்தை பெற்றுக்கொண்டார்கள். ஈஜிபுராவில் அவள் வீட்டாரிடமும் அவளே சொன்னாள். தங்கவயல் பெரியப்பா “அப்படியா, உடம்பைப் பார்த்துக்கச் சொல்லு” என்றாராம். அவ்வளவுதான். நான் அத்தனை மாதம் பயந்த பேச்சு அந்த ஒரு வாக்கியத்தோடு முடிந்தது.

இன்று தம்பி இரண்டு மாடி ஏறினால் நடுவில் ஒருமுறை நின்றுதான் ஏறுகிறான். சிகரெட்டை விட்ட பிறகு நுரையீரல் பெரிதாகக் கெடவில்லை என்று டாக்டர் சொல்கிறார். கெட்டதெல்லாம் அதற்கு முன்பு கெட்டது. அதில் பல வருடங்கள் அவன் தெரியாமல் கெடுத்துக்கொண்டவை. ஆவணியிலிருந்து பங்குனி வரையிலான அந்த ஏழு மாதம் மட்டும், தெரிந்திருந்தும் நான் கெடுத்தது. அவன் ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. ஆனால் படியில் அவன் நிற்கும் ஒவ்வொரு முறையும் நானும் நின்றுவிடுகிறேன்.