மருந்தும் குளிசையும்

ஐம்பது தாண்டிய பிறகு நான் மறுபடியும் மாணவனானேன். அதற்கு முன் பல வருடங்கள் ரொறன்ரோவில் ஓர் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை செய்திருந்தேன். மனநல ஆஸ்பத்திரியில் பணிபுரிய விரும்பும் மருந்தாளர்களுக்கு ஒரு வருட மேற்பயிற்சி இருந்தது. வார்டில் டொக்டர்களோடு நின்று, நோயாளியோடு பேசி, எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை நாளுக்கு என்று ஆலோசனை சொல்லப் பழக்குவார்கள். விண்ணப்பித்தேன். எடுத்துக்கொண்டார்கள்.

"பென்சன் எடுக்கிற வயசில பள்ளிக்கூடப் பையைத் தூக்கிறியள்" என்று மனைவி சிரித்தாள். ஆனாலும் தினமும் சாப்பாடு கட்டித் தந்தாள்.

பார்க்டேலில் ஸ்ரீட்கார் என்ற தெரு ரயிலில் ஏறி, மடியில் ஒரு தடித்த புத்தகத்தை விரித்துக்கொண்டு போன அந்தக் காலைகளை இப்போதும் விருப்பத்தோடு நினைக்கிறேன். மருந்தகத்தில் நான் பார்த்ததெல்லாம் போத்தல்களும் சீட்டுகளுந்தான். வார்டில் மனிதர்கள் இருந்தார்கள். நேற்று முகத்தைச் சுவருக்குத் திருப்பிப் படுத்திருந்தவர் இன்று தேநீருக்குச் சீனி போதாது என்று சண்டை பிடித்தால், எங்களுக்கு அது நல்ல செய்தி.

எனக்குப் பயிற்சி தந்தவர் மதுரையில் பிறந்த பெண். என்னைவிட மிகவும் இளையவர். என்மேல் அதிகாரம் உள்ளவர் என்றாலும் என்னை "சார்" என்றுதான் கூப்பிட்டார்.

"நான்தான் உங்களை மேடம் எண்டு கூப்பிட வேணும்" என்றேன் ஒருநாள்.

"கூப்பிடுங்க சார், யாரு வேண்டாம்னா?" என்றார்.

இலங்கையில் போரின் கடைசி மாதங்கள் அவை. எங்கள் சனம் நகரத்துத் தெருக்களில் பதாகைகளோடு நின்றது. மனைவியும் போய் நின்றாள். நான் வார்டுக்குப் போனேன்.

அங்கே அறுபது வயதளவில் ஒரு யாழ்ப்பாணத்து அம்மாவைச் சேர்த்திருந்தார்கள். அவருடைய தம்பி குடும்பம் வன்னிக்குள் அகப்பட்டிருந்தது. நாள் முழுவதும் செய்தி பார்த்து, சாப்பாட்டையும் நித்திரையையும் விட்டிருந்தார். சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு மாடிக் குடியிருப்பில் மகளோடு இருந்தார். மகளுக்கு மிசிசாகா விமான நிலையத்தில் வேலை என்பதால் பகலில் தனிமை. அவர் முன்பு எடுத்த மருந்துகளை விசாரிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது.

"போன்ல ஒரு மொழிபெயர்ப்பாளர் வச்சுக்கோங்க சார்" என்றார் மதுரைக்காரர்.

"என்ர பாஷைக்கு எனக்கொரு மொழிபெயர்ப்பாளரோ?"

"உங்க இஷ்டம். யாழ்ப்பாணத் தமிழ் எனக்குப் பாதிதான் புரியும்."

கட்டிலருகே கதிரையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

"முந்தி எப்பவாவது மனவருத்தத்துக்கு மருந்து எடுத்திருக்கிறீங்களோ அக்கா?"

"மனுசன் செத்த கையோட ஒருக்கா மருந்து குடிச்சனான், தம்பி."

"எவ்வளவு காலம் குடிச்சீங்கள்?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "ஒருக்காத்தான்."

"அதாலை வயித்துக்குள்ள ஏதும் செய்ததோ? வாய் காஞ்சதோ?"

"வயிறு எரிஞ்சது. தொண்டையும்."

ஊரில் முன்பு மருந்து எடுத்திருக்கிறார், பெயர் தெரியவில்லை, வயிற்றெரிவு காரணமாக நிறுத்திவிட்டார் என்று எழுதினேன். கேட்கவேண்டிய கேள்விகளையெல்லாம் ஒழுங்காகக் கேட்டுவிட்ட திருப்தி எனக்கு.

புதிய மருந்துகள் அவருக்குச் சரிவரவில்லை. பழைய காலத்து மருந்து ஒன்று கொடுத்தோம். மெல்ல மெல்லச் சாப்பிடத் தொடங்கினார். அளவு மிஞ்சினால் உயிருக்கே ஆபத்தான மருந்து அது. உயிரை மாய்க்க முன்பு முயன்றவர் என்றால் ஒரு கிழமைக்கு மேல் கையில் கொடுக்கமாட்டோம். டொக்டர் தொலைபேசி மொழிபெயர்ப்பாளர் மூலம் அதைக் கேட்டபோது, அந்த அம்மா அப்படி எதுவும் இல்லை என்றிருந்தார். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு விடும்போது, திங்கட்கிழமை விக்டோரியா நாள் விடுமுறை வருகிறது, மகளை அலைக்க வேண்டாம், ஒரு மாதத்துக்குக் கொடுப்போம் என்று சொன்னவன் நான்தான்.

"பேசினது நீங்க. உங்களுக்குத்தான் தெரியும்" என்று மதுரைக்காரர் சம்மதித்தார்.

அன்று பின்னேரம் தேநீரோடு உட்கார்ந்திருந்தேன். மனைவி தொலைபேசியில் தமக்கையோடு கதைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆர், அந்த ரீச்சரின்ர பெடியனோ? மருந்து குடிச்சிட்டானோ? ஐயோ! ஆள் தப்பினதோ?"

கோப்பையைக் கீழே வைத்தேன்.

எங்கள் ஊரில் நோய்க்குப் போடுகிற மாத்திரை குளிசை. ஒருவர் மருந்து குடித்தார் என்று மொட்டையாகச் சொன்னால், அது பயிருக்கு அடிக்கிற நஞ்சு. சிறுவயதிலிருந்து எனக்குத் தெரிந்த சங்கதி. ஆனால் சென்னையில் பட்டம் படித்து, இங்கே வந்து சோதனைகள் எழுதி, மருந்து என்ற சொல்லை என் தொழிலுக்கே எழுதிக்கொடுத்துவிட்டேன். அந்த அம்மா தன் வாழ்க்கையின் மிகக் கெட்ட நாளைச் சொன்னார். நான் பக்கவிளைவு கேட்டேன்.

உடனே தொலைபேசியை எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. இரவும் பகலும் கூப்பிட்டால் பேச ஒரு டொக்டர் இருப்பார் என்பது எனக்குத் தெரியும். ஆனால் வரும் கிழமை ஆஸ்பத்திரியில் எல்லோர் முன்னிலையிலும் நான் பேசவேண்டியிருந்தது, அந்த அம்மாவைப் பற்றியே. மொழி தெரிந்த மருந்தாளரால் என்ன நன்மை என்பது என் தலைப்பு. அவர் தேறிவிட்டார், மகள் பக்கத்தில் இருக்கிறாள், செவ்வாய்க்கிழமை முதல் வேலையாகச் சொல்லிவிடலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். சனிக்கிழமை உடுப்புத் தோய்க்கப் போனேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக்கூடப் போனேன்.

திங்கட்கிழமை, போர் முடிந்துவிட்டது என்ற செய்தி உறுதியாயிற்று. மனைவி தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, மடித்து வைத்திருந்த துவாய்களை உதறி மறுபடியும் மடிக்கத் தொடங்கினாள். கீழே தெருவில் விடுமுறைக்குப் பிள்ளைகள் வெடி கொளுத்தினார்கள். ஒவ்வொரு வெடிக்கும் அவளுடைய கை ஒரு கணம் நின்றது. சென் ஜேம்ஸ் ரவுணிலும் இந்தச் செய்தி போயிருக்கும், அந்தப் போத்தலும் அங்கேதான் இருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மதுரைக்காரரின் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"மருந்து குடிச்சேன்னா சொன்னாங்க? அதே வார்த்தையா?" அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. "இது உங்களுக்கு எப்ப சார் தெரிஞ்சுது?"

"இப்பதான்" என்றேன்.

அது பொய்.

"சரி, நான் டாக்டரைக் கூப்பிடறேன். அந்த அம்மாவோட நீங்க பேசுங்க. போனை வைக்க விடாதீங்க."

நெடுநேரம் மணியடித்த பிறகு அந்த அம்மா எடுத்தார். அழுது கரகரத்த குரல்.

"அக்கா, ஆஸ்பத்திரியிலயிருந்து கதைக்கிறன். அந்த மருந்துப் போத்தல் எங்கை?"

"குளிசையோ தம்பி? அது கீழ்மாடி மன்னார் அன்ரியிட்டைக் குடுத்து வைச்சிருக்கு. மகள் இரவுக்கு வந்து ஒண்டொண்டா வாங்கித் தருவாள். செய்தி இப்பிடி வருமெண்டு தெரியும்தானே. வீட்டில வைச்சிருக்கப் பயமாக் கிடந்தது. நான் ஏற்கனவே ஒருக்கா மருந்து குடிச்ச ஆள். உங்களுக்குச் சொன்னனான்தானே."

"ஓம் அக்கா. சொன்னனீங்கள்."

"உங்களுக்கு மட்டும்தான் சொன்னனான். ஊரில எல்லாரும் என்னை ஏசிப் பேசினவை, மாமி அடிக்கவும் வந்தவ. நீங்கள் ஒண்டும் பேசேல்லை. வயிறு எரிஞ்சதோ எண்டு கேட்டீங்கள். அப்பிடி என்னை ஒருத்தரும் கேட்டதில்லை."

மகள் வீட்டுக்கு வரும்வரை ஏதேதோ கதைத்துக்கொண்டிருந்தோம். அவருடைய தம்பியைப் பற்றி, தம்பி பிள்ளைகளைப் பற்றி, வன்னியில் அவர்களுடைய கிணற்றைப் பற்றி. மறுநாள் பதிவைத் திருத்தினோம். அவருடைய மருந்து கிழமைக்குக் கிழமை என்று மாறியது. நான் பேசவேண்டிய நாளில் என் பிழையையே எடுத்துப் பேசினேன். பாராட்டினார்கள். அறிந்தும் பேசாதிருந்த அந்த மூன்று நாளை அங்கேயும் சொல்லவில்லை.

பயிற்சி முடிந்து அதே ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. ஓய்வு பெறும்வரை மனநிறைவோடு செய்தேன். தமிழர் யாரிடம் பேசினாலும், விளங்கியிருந்தாலும், "விளங்கேல்லை, இன்னொருக்காச் சொல்லுங்கோ" என்று கேட்பது என் வழக்கமாயிற்று. "கனடாவுக்கு வந்து தமிழ் மறந்த மனுசன்" என்று ஒரு கிழவர் என்னைத் திட்டியிருக்கிறார்.

அந்த அம்மா பல வருடங்கள் எங்கள் கிளினிக்குக்கு வந்துபோனார். அவருடைய தம்பி போரில் தப்பவில்லை. தம்பியின் மூத்த மகள் தப்பி, பிறகு இங்கே வந்து சேர்ந்தாள். அவளை ஒருநாள் கூட்டிவந்து, "இவர்தான் நான் சொன்ன ஆள்" என்று காட்டினார். அன்று என்னால் தாங்க முடியவில்லை.

"அக்கா, நீங்கள் சொன்னது அண்டைக்கு எனக்கு விளங்கவேயில்லை. குளிசை எண்டுதான் நினைச்சனான்."

வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். "அட மடைத் தம்பி! அதுதானோ வாய் காஞ்சதோ எண்டு கேட்டனீங்கள்?"

"எப்ப விளங்கினது?" என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வெள்ளிக்கிழமை என்று சொல்லியிருப்பேனா, தெரியாது. போன மாரியில், எண்பது நெருங்கிய வயதில், நித்திரையில் காலமானார். செத்தவீட்டுக்குப் போனேன். தம்பியின் மகள் என்னைக் கண்டதும் எழுந்து வந்து, முன்வரிசையில் வீட்டுக்காரர்களோடு இருத்தினாள். நானும் அங்கேயே இருந்தேன்.