காது மட்டும் போதும்னாங்க

இன்னிக்கு ஏனாத்தூர் பஸ்ல பக்கத்துல உக்காந்த காலேஜ் பொண்ணு ஒரு நோட்டீஸ் குடுத்துச்சு. அவங்க பல்கலைக்கழகத்துல இசைத் தொழில்நுட்ப ஆராய்ச்சி மையம் இருக்குதாம். நாம அங்க போய்ப் பாடலாம், பழைய கேசட் குடுக்கலாம், சும்மா கேட்டு அபிப்பிராயமும் சொல்லலாமாம்.

"ஆன்ட்டி, உங்களுக்கு இதெல்லாம் புதுசா இருக்கும்."

எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அதுகிட்ட பழைய கதையைச் சொன்னேன்.

எழுபதுகள்ல, எனக்குப் பத்தொன்பது வயசு. மெட்ராஸ்லேர்ந்து ஒரு ஆராய்ச்சியாளர் பெரிய டேப் ரெக்கார்டரோட நம்ம காஞ்சிபுரம் நூலகத்துக்கு வந்தார். வாசல்ல, "சங்கீதம் தெரிய வேண்டாம், காது போதும்"னு எழுதி வெச்சிருந்தாங்க. தறியை விட்டுட்டு ஓடினேன்.

ஹெட்போன் மாட்டிவிட்டு, நம்ம கோயில்ல பதிவு பண்ணின நாதஸ்வரத்தைப் போட்டார். "எப்படிம்மா இருக்குது?"

"தப்பா நெனைக்காதீங்க சார். தினம் காலையில தறியில உக்காந்துகினு இதைத்தான் கேக்கறேன். இதுல சுருதி கொஞ்சம் எறங்கி இருக்குது."

அவர் முகம் சுருங்கிப்போச்சு. ஆனாலும் சுருதிப்பெட்டியை எடுத்து ஒத்துப் பார்த்தார். மிஷின்தான் மெதுவா சுத்திக்கினு இருந்துச்சு!

"மூணு மாசமா நாங்க யாருமே கவனிக்கலியேம்மா!"னு விழுந்து விழுந்து சிரிச்சார். அப்புறம் அவர் ஊர்ல இருந்தவரைக்கும் சனிக்கிழமையானா மொத ஆளா நான் அங்க இருப்பேன்.

இதைக் கேட்டதும் அந்தப் பொண்ணு போனை எடுத்துச்சு. "பேர் சொல்லுங்க ஆன்ட்டி, இப்பவே பதிவு பண்றேன்."

சேர்ந்துட்டேன்! கூட யாரெல்லாம் வர்றீங்க?

போன வருஷம் காது டாக்டர் எனக்குக் காது மந்தமாயிடுச்சுன்னு சொன்னதை மட்டும் அந்தப் பொண்ணுகிட்ட யாரும் சொல்லிடாதீங்கப்பா.