நூற்றுக்கு நூறு வாங்கிய மூச்சு

பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிடுவதுண்டா என்பது எங்கள் படிவத்தில் ஆறாவது கேள்வி. அவர் ஐந்தாவது கேள்வியிலேயே தூங்கிவிட்டார். காலை பதினொரு மணி. எதிரே பேனாவும் கையுமாக நான். பக்கத்தில் மருந்துப் பையை மடியில் வைத்தபடி அவர் மனைவி. தலை மார்பில் சாய்ந்தது, குறட்டை கிளம்பியது. கிணற்றில் தண்ணீர் வற்றியபின் மோட்டார் காற்றை இழுக்குமே, அந்தச் சத்தம். எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நொடி சத்தம் நின்றது.

மூச்சும் நின்றிருந்தது. வயிறு மட்டும் உள்ளே வெளியே என்று தவித்தது; மூக்கில் காற்று இல்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து நொடி, இருபது, முப்பது. முப்பத்தெட்டாவது நொடியில், தண்ணீருக்குள்ளிருந்து தலையைத் தூக்கியவர் போல ஒரு பெரிய இழுப்பு இழுத்துக் கண் திறந்தார்.

"ம்... எதுவரைக்கும் வந்தோம்?" என்றார்.

மருத்துவமனையின் தூக்கப் பரிசோதனை அறையில் நான் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். தூக்கத்தில் மூச்சு நிற்பதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதித் தேறியவன். ஆனால் அதைத் திரையில் கோடாகப் பார்த்திருந்தேனே தவிர, பட்டப்பகலில், கைக்கெட்டும் தூரத்தில், ஒரு மனிதர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே மூச்சை நிறுத்திவிடுவதைப் பார்த்ததில்லை. அவர் மனைவியின் முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"இது சின்னது தம்பி. படுத்தா இன்னும் நீளமாப் போகும்" என்றார்.

அவர் ஓர் இரும்புக் கிடங்கில் கிரேன் ஓட்டுபவர். சாலையில் போகும் கிரேன் இல்லை; கூரைக்கு அடியில், இரண்டு தண்டவாளங்களின் மேல் கிடங்கின் நீளத்துக்கும் ஓடுகிற கிரேன். ஐம்பது அடி உயரத்தில் கண்ணாடி வைத்த ஒரு கூண்டு. அதில் உட்கார்ந்து, பன்னிரண்டு டன் தகட்டுச் சுருளைத் தூக்கி, லாரியின் முதுகில் பூனை குட்டியை வைப்பது போல வைப்பார். கீழே இருப்பவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'மேலிடம்'. யாராவது எதையாவது கேட்டால், "இருங்க, மேலிடத்துல கேட்டுச் சொல்றோம்" என்று அண்ணாந்து பார்ப்பார்களாம். இருபத்தேழு வருடத்தில் ஒரு சுமை தவறியதில்லை.

ஒன்றரை வருடத்துக்கு முன் மாரடைப்பு வந்து ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். அதன் பிறகு இதயத் துடிப்பு தாளம் தப்ப ஆரம்பித்தது. மயக்க மருந்து கொடுத்து, நெஞ்சில் மின்சாரம் பாய்ச்சித் தாளத்தைச் சரிசெய்தார்கள். மூன்றே மாதத்தில் பழைய குருடி கதவைத் திறடி என்று திரும்பவும் தப்பியது. அப்போதுதான் இதய டாக்டரம்மா குறட்டையைப் பற்றி விசாரித்திருக்கிறார்.

அதுவரை அந்த வீட்டில் குறட்டை ஒரு வேடிக்கை. மகளைக் கொடுத்த இடத்துச் சம்பந்தி ஒரு ராத்திரி தங்கிவிட்டு, காபிகூடக் குடிக்காமல் முதல் பஸ்ஸைப் பிடித்தாராம். "அதுக்கப்புறம் நல்லது கெட்டதுக்கு வந்தாலும் சாயங்காலமே கிளம்பிடுவாரு. அந்த வகையில இவரு குறட்டை எங்களுக்கு உபகாரம்தான்" என்று அந்த அம்மா சொன்னபோது, அவரே முதலில் சிரித்தார்.

பரிசோதனை முடிந்த மறுநாள் யாரும் சிரிக்கவில்லை. மணிக்கு ஐம்பத்தெட்டு முறை மூச்சு நின்றிருந்தது. ஒருமுறை எழுபத்தோரு நொடி. தொண்ணூற்றைந்துக்கு மேல் இருக்க வேண்டிய ரத்த ஆக்சிஜன் அறுபத்தெட்டு சதவீதத்துக்கு இறங்கியிருந்தது. ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் இதயம் முதலில் தயங்கி, பிறகு வெறிபிடித்தது போல ஓடியிருந்தது. டாக்டரம்மா அவருக்குப் புரியும்படி சொன்னார்: "மூச்சு நிக்கும்போதெல்லாம் உடம்பு பயந்துபோய் இதயத்தைச் சாட்டையால அடிக்குது. ஏற்கெனவே நொண்டுற மாடு அது. ராத்திரி பூரா அடி வாங்கினா தாளம் எப்படி நிக்கும்?"

மருந்து காற்றுதான். படுக்கையருகே ஒரு சின்ன இயந்திரம். அதிலிருந்து ஒரு குழாய். மூக்கையும் வாயையும் மூடும் மாஸ்க். உள்ளே தள்ளும் காற்று, அடைத்துக்கொள்ளும் தொண்டையைத் திறந்தே வைத்திருக்கும். தொண்டை எவ்வளவு அடைக்கிறதோ அதற்கேற்ப இயந்திரமே அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். அவருக்குப் பன்னிரண்டு அளவு அழுத்தம் தேவைப்பட்டது.

கிடங்கின் டாக்டர் ஒரு நிபந்தனை போட்டார். இயந்திரத்தில் ஒரு மெமரி கார்டு உண்டு. எந்த ராத்திரி எத்தனை மணி நேரம் மாஸ்க் போட்டார், எத்தனை முறை மூச்சு நின்றது என்று அதில் பதியும். மாதாமாதம் அந்த அறிக்கையைக் காட்டினால்தான் கூண்டில் ஏறலாம்.

முதல் மாத அறிக்கையை எடுத்துப் பார்த்து எனக்குத் தலைகால் புரியவில்லை. முதல் மூன்று ராத்திரி தடுமாற்றம்; அதன்பின் ஒரு ராத்திரிகூட விடாமல் ஏழு மணி நேரம். மூச்சு நிற்பது மணிக்கு ஒன்றுகூட இல்லை. பத்து நிமிடத்தில் மாஸ்க்கை மாட்டிக் காட்டி அனுப்பியது நான்தானே என்ற பெருமை வேறு. தாளமும் மறுபடி மின்சாரத்தால் சரிசெய்யப்பட்டது. மாஸ்க் வேண்டாம் என்று மூக்கைச் சுளிக்கும் நோயாளிகளிடம் அந்தத் தாளைக் காட்டி, "பாருங்க, நூத்துக்கு நூறு" என்பேன். அவர் வரும்போதெல்லாம் "வாங்கண்ணே, எங்க வகுப்புல நீங்கதான் முதல்" என்பேன். அவர் கீழே பார்த்துச் சிரிப்பார். அடக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏழாவது வாரம் தாளம் மீண்டும் தப்பியது. மூச்சு வாங்கியது, கால் வீங்கியது. டாக்டரம்மா என் அறிக்கையை மேலும் கீழும் பார்த்தார். "தூக்கத்துல மூச்சு சுத்தமா இருக்கு. அப்ப இது இதயத்துக்குள்ளயே இருக்கிற கோளாறு" என்று முடிவுக்கு வந்தார். தொடை வழியாக இதயத்துக்குள் கம்பி செலுத்தி, தாளத்தைக் கெடுக்கும் இடத்தைச் சுட்டுவிடுவது என்று நாள் குறிக்கப்பட்டது.

அதற்கு நான்கு நாள் முன்பு, வழக்கமான கேள்விகளுக்காகக் கணவன் மனைவி இருவரும் என் அறைக்கு வந்தார்கள். கார்டைச் செருகி அறிக்கையை எடுத்தபடியே, நேற்று நன்றாகத் தூங்கினீர்களா என்று கேட்டேன்.

"எங்க தம்பி, நைட்ல கிரேன் ஓட்டுற ஜோடி ஆள் லீவு. ஒரு வாரமா எனக்கு நைட் ஷிப்ட். இன்னிக்குக் காலையிலதான் முடிஞ்சுது" என்றார்.

தலையாட்டிவிட்டுத் தாளைப் பார்த்தேன். அந்த ஒரு வாரமும் வரிசையாகப் பதிவு இருந்தது. ராத்திரி பத்தேகாலுக்குத் தொடக்கம், காலை ஐந்துக்கு முடிவு. நேற்றும் அப்படியே. திரும்பவும் ஒருமுறை தேதியைப் படித்தேன். கூடவே கொண்டுவந்திருந்த இயந்திரத்தின் கடிகாரம் தப்பாக ஓடுகிறதா என்று பார்த்தேன், நிமிடம்கூடப் பிசகவில்லை.

"அண்ணே, நேத்து ராத்திரி பத்தேகாலுக்கு எங்க இருந்தீங்க?"

"மேலதான்."

"அப்ப இதுல மூச்சு விட்டது யாரு?"

அவர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா மருந்துப் பையின் காதைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தார்.

"என் மூச்சுதான் தம்பி அது" என்றார் அந்த அம்மா.

பிறகு மெதுவாகச் சொல்லிக்கொண்டே போனார். மாஸ்க் போட்டால் யாரோ தலையணையை வைத்து முகத்தை அமுக்குவது போல இருக்கிறதென்று மூன்றாவது ராத்திரியே அவர் பிடுங்கி எறிந்துவிட்டார். கார்டு காலியாகப் போனால் கூண்டு போய்விடும். கூண்டு போனால் இந்த மனுஷன் உட்கார்ந்த இடத்திலேயே செத்துப்போவார் என்று அந்த அம்மாவுக்குப் பயம். நாலாவது ராத்திரி மாஸ்க்கை எடுத்துத் தானே மாட்டிக்கொண்டார். ஒன்பது வாரம்.

"அவர் வீட்டுலயே இல்லாத ராத்திரி எதுக்கும்மா போட்டீங்க?"

"ஒரு நாள் விட்டாலும் கார்டு காட்டிக் குடுத்துடுமேன்னு."

அறிக்கையில் மூன்றாவது பக்கம் என்று ஒன்று உண்டு. அழுத்தம் ராத்திரி முழுக்க எப்படி ஏறி இறங்கியது என்ற கோடு அதில் இருக்கும். ஒன்பது வாரத்தில் முதன்முறையாக அன்றுதான் அதைத் திருப்பினேன். பன்னிரண்டு தேவைப்பட்ட மனிதருக்கு, முதல் மூன்று ராத்திரிக்குப் பிறகு ஒருமுறைகூட ஆறைத் தாண்டவில்லை. குறட்டையே விடாத ஒரு பெண்ணின் தொண்டை என்று அந்தக் கோடு நாலாவது நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தது. முதல் பக்கத்தில் நூற்றுக்கு நூறைப் பார்த்ததும் நான் மூடி வைத்திருக்கிறேன்.

டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும் என்றேன். அந்த அம்மா அழவில்லை. இனிமேல் அவரைப் போட வைக்கிறேன், இதுவரை நடந்ததை விட்டுவிடு, நீயும் எங்கள் பிள்ளை மாதிரிதானே என்று தணிந்த குரலில் கெஞ்சினார். அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவர் குறுக்கிட்டார்.

"சும்மா இரு. தம்பி, இவகிட்டகூட இன்னும் சொல்லல. போன செவ்வாக்கிழமை ஒரு சுருளைத் தூக்கினேன். அடுத்ததா எனக்குத் தெரியுறது, அது லாரி மேல இருக்கு, கீழ கை காட்டுறாங்க, சரியா வச்சுட்டேன்னு. நடுவுல ஒண்ணுமே ஞாபகம் இல்ல. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஓட்டிட்டுப் போயிருக்கேன். கீழ பதினாலு பேரு."

அந்த அம்மாவின் கையிலிருந்து பை நழுவி மாத்திரை அட்டைகள் தரையில் சிதறின. குனிந்து எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. ஒன்பது வாரமாக அவர் காப்பாற்றிக்கொண்டிருந்தது எதை என்று அந்த நிமிடம்தான் அவருக்கு உறைத்தது.

டாக்டரம்மாவிடம் மூவரும் போனோம். கேட்டு முடித்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "இல்லாத காரணத்தை நம்பி இதயத்துக்குள்ள நெருப்பு வைக்க இருந்தேன்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, மூணாவது பக்கத்தைப் பார்த்தாயா என்றார். பார்க்கவில்லை என்றேன். அவர் திட்டியிருந்தால் பரவாயில்லை.

கிடங்கில் யாரும் அவரைக் கீழே இறக்க வேண்டியிருக்கவில்லை. அன்றே போய், கூண்டின் சாவியை மேற்பார்வையாளர் மேஜையில் வைத்து, செவ்வாய்க்கிழமை நடந்ததையும் சொல்லிவிட்டார். மேற்பார்வையாளர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாராம். அன்று அந்தச் சுருளுக்குக் கை காட்டியது அவர்தான்.

பிறகு செய்ய வேண்டிய வேலையை நான் முதல் நாளே செய்திருக்க வேண்டும். முகத்தை மூடும் மாஸ்க்கை எடுத்துவிட்டு, மூக்குத் துவாரத்தில் மட்டும் பொருந்தும் சின்னதைக் கொடுத்தேன். முதல் வாரம் தூங்கவே வேண்டாம், பகலில் டிவி பார்க்கும்போது பத்து நிமிடம் போட்டால் போதும் என்றேன். காற்று மெல்லத் தொடங்கி அரைமணி நேரத்தில் ஏறும்படி வைத்தேன். அவர் பயத்தை உட்கார்ந்து கேட்டேன். மூன்றாவது வாரம் இரண்டு மணி நேரம் தாங்கினார். ஆறாவது வாரம் ஐந்து. இந்த முறை அழுத்தக் கோடு பதினொன்று, பன்னிரண்டு என்று மலை மாதிரி ஏறி இறங்கியது. மூச்சு நிற்பது மணிக்கு நாலுக்கு வந்தது. நூற்றுக்கு நூறு இல்லை; அதனாலேயே நம்பினேன்.

"அண்ணன் போட்டதுதானா?" என்று அந்த அம்மாவைக் கேட்டேன்.

"எனக்கு இப்ப அது இல்லாமத் தூக்கம் வரல தம்பி. அந்தக் காத்துச் சத்தத்துலதான் முப்பது வருஷத்துல முதல் தடவையா நிம்மதியாத் தூங்கினேன். இவரு போட்டாலும் அதே சத்தம் வருது, அது போதும்" என்றார்.

மூன்றாவது முறையாக மின்சாரம் கொடுத்துத் தாளத்தைச் சரிசெய்தார்கள். கம்பி வைத்துச் சுடுவதைத் தள்ளிவைத்தார்கள். ரத்த அழுத்த மாத்திரை ஒன்று குறைந்தது. ஆனால் டாக்டரம்மா வாக்குக் கொடுக்கவில்லை. மாரடைப்பில் செத்த தசையை மாஸ்க் பிழைக்க வைக்காது, இன்னொரு அடைப்பு வராது என்றும் அதை வைத்துச் சொல்ல முடியாது, தாளம் தப்பும் வாய்ப்பைக் குறைக்கலாம், பகல் தூக்கத்தைப் போக்கும், அவ்வளவுதான் என்றார். மருந்தை விட்டால் மாஸ்க் காப்பாற்றாது என்றும் இரண்டு முறை சொன்னார்.

இப்போது அவருக்கு ஐம்பத்தேழு வயது. அதே கிடங்கில், தரையில், சுமை தூக்கும் சங்கிலிகளையும் கொக்கிகளையும் சோதித்து முத்திரை போடும் வேலையில் இருக்கிறார். கூண்டில் வேறொருவர் உட்காருகிறார். தாளம் தப்பாமல் எட்டு மாதம் ஆகிறது. ராத்திரி சராசரியாக ஐந்தரை மணி நேரம் மாஸ்க் போடுகிறார். மாதத்தின் முதல் திங்கட்கிழமை கார்டை எடுத்துக்கொண்டு மனைவியோடு வருகிறார். நான் மூன்றாவது பக்கத்திலிருந்து படிக்கிறேன்.