ஏணியில் ஒருசந்தி

போன வாரம் மழைக்கு ஒதுங்கிய சாக்கில் நான் இப்போது இருக்கும் பிரிட்ஜ்வாட்டரில் ஓர் இந்தியக் கடைக்குள் நுழைந்தேன். கடலை மிட்டாய் பாக்கெட்டைக் கையில் எடுத்ததுமே உள்ளங்கை வேர்த்துவிட்டது. எனக்கு அந்த வெல்ல வாசனை என்றாலே ஏணிதான். சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

அப்போது டெக்ஸாஸில், ரிச்சர்ட்சனில் இருந்தோம். டெலிகாம் கம்பெனிகள் ஆட்களைக் கொத்துக்கொத்தாக வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்த வருடம். எங்கள் கவலை வேறு. என் மார்பில் ஒரு கட்டி. ஊசியால் கொஞ்சம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். ரிசல்ட் திங்கட்கிழமைதான். நடுவில் பெரிய வெள்ளி, லாங் வீக்கெண்ட். போனையே பார்த்துக்கொண்டு வீட்டில் கிடந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று, கூடாரத்தையும் எலுமிச்சைச் சாதத்தையும் காரில் போட்டுக்கொண்டு நானும் என் கணவரும் வியாழக்கிழமையே நியூ மெக்சிகோவுக்குக் கிளம்பினோம். இரண்டு இன்ஜினியர்கள் சேர்ந்து அடித்த கூடாரம், காலையில் எங்கள் மேலேயே படுத்திருந்தது.

அங்கே நாங்கள் பார்க்கப் போனது, பல நூறு வருடங்களுக்கு முன்னால் பழங்குடியினர் மலைச்சுவரைக் குடைந்து கட்டிய வீடுகள். கூரையில் அடுப்புக்கரி இன்னும் ஒட்டியிருந்தது. அவர்கள் வம்சத்தார் பக்கத்து ஊர்களில் இன்றும் இருக்கிறார்கள் என்று அங்கே காவலுக்கு இருந்த ரேஞ்சர் சொன்னது ஏனோ எனக்கு ஆறுதலாக இருந்தது.

உச்சியில் ஒரு குகை. அதற்கு மர ஏணிகளில் ஏறவேண்டும். என் கணவர் முன்னால், நான் பின்னால். கடைசி ஏணியில் பாதிக்கு மேல் போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

"தலை சுத்துது. நீ இறங்கிரு. நான் விழுந்தா உன்னையும் சேத்துத் தள்ளிருவேன்."

எங்கே இறங்குவது? எனக்குக் கீழே ஒரு குடும்பமே ஏறிக்கொண்டிருந்தது. அப்போதுதான் உறைத்தது. காலையில் காபி வேண்டாம் என்றார். சாதத்தை அப்புறம் பார்க்கலாம் என்றார். எங்களூர்க் கத்தோலிக்கர்கள் பெரிய வெள்ளியன்று ஒருசந்தி இருப்பார்கள், ஒருவேளைச் சாப்பாட்டோடு சரி. பயணத்தில் அதெல்லாம் கிடையாது என்று எனக்கு நானே சட்டம் போட்டுக்கொண்டவள் நான்.

"தண்ணி கூடக் குடிக்கலையா?"

இல்லை என்று தலையாட்டினார். அவருக்கு ஒரு படி கீழே வரை ஏறி, அவரை ஏணியோடு சேர்த்து அழுத்திக்கொண்டேன். அம்மா பார்சலில் அனுப்பிய கோவில்பட்டிக் கடலை மிட்டாய் ஒன்று என் ஜாக்கெட் பையில் இருந்தது. கையை எட்டி நீட்டினேன். வாயை இறுக்கிக்கொண்டார்.

"வேணாம். மூணு மணி வரைக்கும்னு நேர்ந்திருக்கேன். உனக்காக."

ஆண்டவர் சிலுவையில் உயிர்விட்ட நேரம் அது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என்னைக் காப்பாற்றச் சொல்லி நேர்ந்துகொண்டு, என் தலைமேலேயே விழப் பார்க்கிறாரே. அவர் பிடிவாதம் எனக்குத் தெரியும், கெஞ்சினால் ஆகாது.

"இப்ப நம்ம ஊர்ல மணி என்ன?"

ஊருக்கு போன் போடும் முன்பெல்லாம் நாங்கள் போடுகிற கணக்கு. அந்த நிலையிலும் கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்துக் கணக்குப் போட்டார்.

"ராத்திரி பன்னெண்டு தாண்டிருச்சு."

"அப்ப அங்க பெரிய வெள்ளி முடிஞ்சுபோச்சு. வாயத் திறங்க."

திறந்தார். அவர் மென்று விழுங்குகிற வரைக்கும் நான் மூச்சு விடவில்லை. கீழே இருந்தவர்களும் அவசரப்படுத்தாமல் காத்திருந்தார்கள், நல்ல மனிதர்கள். மெதுவாக மேலே ஏறி, குகைத் தரையில் சரிந்து உட்கார்ந்தோம். என் கையை அவர் விடவே இல்லை.

திங்கட்கிழமை போன் வந்தது. சாதாரணக் கட்டிதான், பயமில்லை என்றார்கள். மூணு மணி வரைக்கும் இருந்திருந்தால் இன்னும் நல்ல செய்தியாக வந்திருக்குமா என்று சீண்டினேன். அவர் சிரிக்கவில்லை, அழுதார்.

ரிச்சர்ட்சனில் எங்கள் ஆபீஸ் கட்டடத்தில் இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள். அவரும் போய்விட்டார். ஆஸ்பத்திரியில் அவர் கிடந்தபோது தண்ணீர்கூடக் குடிக்காமல் நானும் இருந்து பார்த்தேன். பலிக்கவில்லை.

இந்த வருடமும் எனக்கு ஒரு சோதனை எடுத்தார்கள். ரிசல்ட் வர நாலைந்து நாள் ஆயிற்று. நல்லபடியாகத்தான் வந்தது. எனக்காக யாரும் பட்டினி கிடக்கவில்லை.