மாமா நீட்டிய கம்பி

எங்கள் மாமாவிடம் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. இரண்டே கதவு, சிவப்பு நிறம், யாரோ ஓட்டி அலுத்து விற்றது. மாமா அம்மாவின் தம்பி. நியூ டவுனில் ஐ.டி. வேலை கிடைத்து கொல்கத்தா வந்தவர், காளிகாட்டில் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டார். கையில் நாலு காசு சேர்ந்தால் மற்றவர்கள் ஃப்ளாட் பார்ப்பார்கள். இவர் கார் பார்த்தார். "நாலு பேரு உட்கார இடம் இல்ல, ஒரு மூட்டை வைக்க இடம் இல்ல. இதுக்குப் பேரு காரா?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

எனக்கு அந்தக் குறையெல்லாம் தெரியவில்லை. பின்சீட்டு என்ற பெயரில் அதில் ஒரு பொந்து இருந்தது. ஏழு வயது உடம்பு கச்சிதமாக அடங்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமா என்னை அதில் திணித்துக்கொண்டு கிளம்புவார். வழியில் அவரோடு வேலை பார்க்கும் தீதி ஏறிக்கொள்வாள். தீதி வங்காளி; அங்கே அக்காவைத் தீதி என்பார்கள். அவளுக்குத் தெரிந்த ஒரே தமிழ் "சாப்ட்டியா?" ஏறியதும் திரும்பி என்னைப் பார்த்து அதைத்தான் கேட்பாள். முன்னால் அவர்கள் இரண்டு பேர், பின்னால் நான். இதற்குமேல் ஒரு காரில் எதற்கு இடம் வேண்டும்?

வண்டிக்கு ஒரு கோளாறு இருந்தது. டிராம் தண்டவாளத்தைத் தாண்டும்போதும் வளைவில் திரும்பும்போதும் பின்பக்கம் முனகிக்கொண்டு ஓர் ஆட்டம் ஆடும். பின்சக்கரங்களுக்கு மேலே இருபுறமும் உள்ள முட்டுகளைக் குறுக்கே ஒரு கம்பி போட்டு இணைத்துவிட்டால் வண்டியின் உடம்பு இறுகிவிடும் என்றார் மாமா. ஸ்ட்ரட் பார் என்று அவர் சொல்வார். எங்கள் வீட்டில் அது கம்பிதான்.

எந்தக் கம்பி வாங்குவது என்பதிலேயே மழைக்காலம் ஓடிவிட்டது. சோபாவின் ஒரு முனையில் மாமா போனில் கம்பிப் படம் பார்ப்பார். மறுமுனையில் அம்மா அவருக்கு ஊரிலிருந்து வந்த பெண்களின் படம் பார்ப்பாள். இரண்டு பேருக்கும் லேசில் எதுவும் பிடிக்கவில்லை.

"இதைப் போட்டா வண்டி அசையவே அசையாது. ஆனா பின்சீட்டைக் கழட்டணும்," என்று மாமா ஒருநாள் என்னிடம் காட்டினார்.

"அப்ப நானு?"

"நீ டிக்கில படுத்துக்கோ."

நான் போட்ட கூச்சலில் மேல்வீட்டு வங்காளிச் சித்தி, காக்கிமா, எட்டிப் பார்த்தாள். "சரி சரி, ஊரைக் கூட்டாத. உன் சீட்டு உனக்குத்தான்," என்று மாமா அந்தப் படத்தை என் கண்முன்னாலேயே அழித்தார். எவ்வளவு பெரிய மனசு என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

மிச்சம் இரண்டு. ஒன்றுக்கு நடுவில் திருகு உண்டு; தேவைக்கு நீட்டலாம், சுருக்கலாம். இன்னொன்று ஒரே கம்பி. "திருகு இருந்தா போகப்போக லூஸாகும். இது ஒத்தைக் கம்பி. நீட்டவும் முடியாது, சுருக்கவும் முடியாது," என்றார்.

அம்மா போனிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்: "உன்னை மாதிரியேன்னு சொல்லு. எதுக்காவது கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணியிருக்கியாடா நீ?"

ஒத்தைக் கம்பிதான் வந்தது. வந்து பார்த்தால் இரண்டு விரற்கடை குறைகிறது. முன்னால் வைத்திருந்தவர் எங்கேயோ இடித்ததில் முட்டுகள் விலகியிருந்தனவாம். மாமா அதைத் திருப்பி அனுப்பவில்லை. துடைத்து, கட்டிலுக்கடியில் வைத்தார்.

அந்த வாரமே அம்மா ஒரு பெண்ணை முடிவு செய்துவிட்டாள். அடுக்களையில் பெரிய சண்டை. "அந்த வங்காளிப் பொண்ணு நம்ம வீட்டுக்குச் சரிப்படாதுடா!" என்று அம்மா கத்தியது கூடம்வரை கேட்டது. தீதி எங்கள் வீட்டுக்கு வந்ததேயில்லை, அதற்குள் எப்படிச் சரிப்படாது என்று எனக்குக் கோபம் வந்தது.

மறுநாள் காலை மாமா வழக்கம்போல காரில் ஆபீசுக்குக் கிளம்பினார். போகிறபோது என் கன்னத்தைக் கிள்ளினார். வீடு திரும்பவில்லை. அம்மா ஊருக்குப் போன் போட்டு அழுதாள். "கம்பி நீட்டிட்டான்! எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம கம்பி நீட்டிட்டான்!"

ஓடிப்போய்க் கட்டிலுக்கடியில் பார்த்தேன். கம்பியைக் காணோம்.

"முடியாதுன்னாரேம்மா, நீட்டிட்டாரா!" என்று கைதட்டிக் குதித்தேன். அம்மா போனைக் காதில் வைத்தபடி என்னைப் பார்த்தாள்.

பள்ளியிலும் தெருவிலும் வங்காளம் பேசி வளர்ந்தவள் நான். என் தமிழ் வீட்டு வாசலோடு சரி. இரும்பு வேலை என்றால் ஹவுரா என்று அப்பா சொல்லிக் கேட்டிருந்ததால், மாமா அங்கேதான் போயிருக்கிறார் என்று நானே முடிவு செய்தேன். மாமா எங்கே, காணோமே என்று காக்கிமா "மாமா கோத்தாய்?" எனக் கேட்டபோது, ஹவுராவில் கம்பி நீட்டுகிறார் என்று வங்க மொழியில் விளக்கமாகச் சொன்னேன். பாவம், நம்பிவிட்டாள்.

ஞாயிறுதோறும் குளித்துத் தலைவாரி பால்கனியில் நிற்பேன். எந்த வண்டி உறுமினாலும் எட்டிப் பார்ப்பேன். என் சீட்டில் பெட்டி கிட்டி வைத்திருப்பார்களோ என்றுதான் பெரிய கவலை. மாமா அப்புறம் வரவேயில்லை. இப்போதும் டாக்ஸி டிராம் தண்டவாளத்தில் ஏறி இறங்கினால், யாராவது திரும்பி "சாப்ட்டியா?" என்று கேட்கமாட்டார்களா என்று இருக்கிறது.

மாமா போன சில மாதத்தில் ஒருநாள் சாயங்காலம் கீழே அதே மாதிரி ஓர் உறுமல். எனக்கு முன்னால் அம்மா ஓடினாள், தோசையைக் கல்லிலேயே விட்டுவிட்டு. யாரோ ஒரு பையனின் பைக். திரும்பி வந்தபோது தோசை தீய்ந்திருந்தது. அம்மாவின் முகத்தைப் பார்க்கப் பொறுக்காமல் சமாதானம் சொன்னேன்.

"ஒத்தைக் கம்பி இல்லையாம்மா, நீட்ட நாளாகும்."

"ஆமாண்டி," என்றாள் அம்மா, கல்லைச் சுரண்டிக்கொண்டே. "வரட்டும். வந்தா நான் அட்ஜஸ்ட் பண்ணிக்கிறேன்."

அந்தக் கம்பியில்தான் திருகே கிடையாதே, அம்மா எதை அட்ஜஸ்ட் பண்ணப்போகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.