துப்பாக்கிக்கு வைத்த பொட்டு

சீதாலெட்சுமிக்குத் துப்பாக்கியைக் கண்டாலே ஆகாது. ஆனால் வருஷத்துக்கு ஒருமுறை அதற்குச் சந்தனம் பூசிக் குங்குமம் வைக்கிறவள் அவள்தான். காப்பாரில் அவர்கள் தெருவில் வேறு எந்தப் பெண்ணுக்கும் இந்த வேலை கிடையாது. மற்றவர்கள் ஆயுத பூஜை அன்று லோரிக்கும் தையல் மெஷினுக்கும் பொட்டு வைத்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போய்விடுவார்கள்.

அது அவள் கணவர் வேலாயுதத்தின் துப்பாக்கி. வீட்டுக்குப் பின்னால் எண்ணெய்க்காகச் செம்பனை பயிரிட்ட நிலம் அவருக்குக் கொஞ்சம் இருந்தது. நட்டு வைத்த கன்றுகளைக் காட்டுப் பன்றிகள் வந்து வேரோடு புரட்டிப் போட்டுவிட்டுப் போகும். வலை கட்டிப் பார்த்தார், நாய் வளர்த்துப் பார்த்தார், கடைசியில் துப்பாக்கி லைசென்ஸுக்கு எழுதிப் போட்டார். இந்த மலாய் நாட்டில் துப்பாக்கி வாங்குவது ஆட்டுக்குட்டி வாங்குவது போல இல்லை. போலீஸ் வந்து நிலத்தைப் பார்த்தது. இவர் குடிப்பாரா, பெண்டாட்டியை அடிப்பாரா என்று அக்கம்பக்கத்தில் விசாரித்தது. அக்கம்பக்கத்தார் இவரிடம் இல்லாத நல்ல குணங்களையெல்லாம் சேர்த்துச் சொன்னார்கள். சுவரோடு சேர்த்து முடுக்கிய இரும்பு அலமாரி வேண்டும், தோட்டாக்களுக்குக் கணக்கு வேண்டும், வருஷா வருஷம் ஸ்டேஷனில் போய் நின்று லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டும். தன்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட இவ்வளவு விசாரிக்கவில்லை என்று சீதா சொல்லிச் சிரிப்பாள். அலமாரிச் சாவி வேலாயுதத்தின் இடுப்பு அரைஞாணில் தொங்கியது. குளிக்கும்போதுகூட அவர் அதைக் கழற்றுவதில்லை.

அந்த வீட்டில் ஆயுத பூஜைக்கு ஒரு கண்டிப்பான வழக்கம் உண்டு. அது வேலாயுதத்தின் அப்பா வைத்தது. அவர் தோட்டத்து லோரி ஓட்டியவர். ஒரு வருஷம் பூஜை போட்ட லோரியை அன்று மாலையே வாடகைக்கு எடுத்துப் போய்ப் பள்ளத்தில் கவிழ்த்துவிட்டார். அதிலிருந்து, பொட்டு வைத்த பொருளை மறுநாள் மறுபூஜை முடித்து, வீட்டுப் பெண் தன் கையால் எடுத்துக் கொடுக்கும்வரை எந்த ஆம்பிளையும் தொடக்கூடாது. துப்பாக்கி வந்த இரண்டாம் வருஷமோ என்னவோ, சரியாகப் பூஜை அன்று பொழுது சாய்கிற நேரத்தில் பன்றிகள் இறங்கின. கன்றுகள் முறிகிற சத்தம் வீட்டுக்குள் கேட்டது. வேலாயுதம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாரே தவிர, சாமி படத்துக்கு முன்னால் கிடந்த துப்பாக்கிப் பக்கம் திரும்பவே இல்லை. மறுநாள் நிலத்தைப் பார்த்தபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது. சீதாவுக்குச் சிரிப்பு வந்தது. அப்போதெல்லாம் அந்த வீட்டில் சிரிக்க நேரம் இருந்தது.

அவர்களுக்கு ஒரே பிள்ளை, ஜீவன். கிள்ளான் துறைமுகத்தில் வேலை கிடைத்ததும் மோட்டார் சைக்கிள் கேட்டான். பொறுத்திருந்து பழைய காராவது வாங்கலாம் என்றாள் சீதா. வேலாயுதம் கேட்கவில்லை. என் பையனுக்கு நான் வாங்கித் தருகிறேன், நீ சும்மா இரு என்றார். ஒரு மழை நாள் காலையில் காப்பார் சாலையில் ஒரு கொண்டெய்னர் லோரி அந்தப் பேச்சை ஒரேயடியாக முடித்துவைத்தது.

வந்தவர்கள் எல்லாம் விதி என்றார்கள். சீதா ஒருநாளும் நீங்கள்தான் காரணம் என்று சொன்னதில்லை. நீங்கள் காரணமில்லை என்றும் சொன்னதில்லை. அந்த இரண்டாவது வார்த்தைக்காக அவர் காத்திருந்தார் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அது அவள் தொண்டையை விட்டு வெளியே வரவில்லை.

துக்கம் நடந்த வருஷம் வீட்டில் பண்டிகை எதுவும் கிடையாது. வேலாயுதம் நிலத்துக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார். பழுத்த குலைகள் மரத்திலேயே உதிர்ந்தன. பன்றிகள் பட்டப்பகலில் வேலி ஓரம்வரை வந்து மேய்ந்தன. அவர் அடுப்படிப் படியில் உட்கார்ந்து அவற்றை வேடிக்கை பார்த்தார். ஆனால் துப்பாக்கியை மட்டும் தினமும் வெளியே எடுத்து எண்ணெய் போட்டுத் துடைத்தார். சுடாத துப்பாக்கியைத் தினம் எதற்குத் துடைக்க வேண்டும்? அந்தக் கேள்வியைக் கேட்க சீதாவுக்குப் பயமாக இருந்தது.

பிறகு அவர் அவளுக்குப் பாடம் நடத்த ஆரம்பித்தார். குலைக்கு எந்த வியாபாரி நியாயமாக எடை போடுவான், நிலத்துப் பத்திரம் எந்தப் பெட்டியில் இருக்கிறது, தண்ணீர் மோட்டார் நின்றுபோனால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். ஏன் இதெல்லாம் என்று கேட்டாள்.

"நான் இல்லாட்டியும் நீ சமாளிச்சுக்குவ லா," என்றார், நாளைக்கு மழை வரும் என்று சொல்வதைப் போல.

சீதா அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிள்ளானில் ரயிலேறித் தலைநகரில் இருக்கிற பிரிக்பீல்ட்ஸுக்குப் போனாள். தங்கை புனிதா அங்கே ஒரு வக்கீல் ஆபீஸில் வேலை பார்க்கிறாள். இருவரும் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தார்கள். சீதாவின் இலையில் போட்ட சோறு போட்டபடியே இருந்தது. துப்பாக்கியை எங்கேயாவது தூக்கிக்கொண்டு போய்ப் போட்டுவிடலாமா என்று கேட்டாள். புனிதாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அக்கா, அதத் தொட்டுடாத. லைசென்ஸ் மாமா பேர்ல இருக்கு. உன் கையில இருந்தா அது வேற கேஸ், நீதான் உள்ள போவ. போலீஸ்கிட்ட விஷயத்தச் சொல்லு, அவங்களே வந்து எடுத்துக்குவாங்க."

சொல்வது சுலபம். ஜீப் வாசலில் வந்து நிற்கும், தெருவே கூடும். வேலாயுதம் தனக்கு ஒன்றுமில்லை என்று சிரித்துக்கொண்டே சொல்வார், போலீஸும் நம்பிவிட்டுப் போகும். பிறகு அந்த வீட்டில் அவரும் அந்தத் துப்பாக்கியும் பட்ட அவமானமும் மட்டும் இருக்கும். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டபோதே எனக்கென்ன பைத்தியமா என்று கேட்டவர் அவர். சீதா ஒரு முடிவுக்கும் வராமல் ரயிலேறினாள்.

அப்படியிருக்கும்போதுதான் ஆயுத பூஜை வந்தது. வருஷத் திதி முடிந்து அந்த வீட்டில் வந்த முதல் பண்டிகை. சாமி படத்துக்கு முன்னால் சீதா பலகையைப் போட்டதும், யாரும் சொல்லாமலே வேலாயுதம் எழுந்து போய் அலமாரியைத் திறந்தார். தோட்டாக்களை உள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டு, துப்பாக்கியை மட்டும் கொண்டுவந்து குலை வெட்டும் அரிவாளுக்கும் மண்வெட்டிக்கும் பக்கத்தில் வைத்தார். சட்டம் இதை ஒப்புக்கொள்ளுமா என்று அந்த வீட்டில் எந்த வருஷமும் யாரும் யோசித்ததில்லை. சீதா சந்தனம் பூசினாள், குங்குமம் வைத்தாள். வைக்கிறபோதே அவளுக்கு அது தோன்றிவிட்டது. நான் எடுத்துக் கொடுக்காதவரை இவர் இதைத் தொடமாட்டார்.

மறுநாள் அவள் மறுபூஜை செய்யவில்லை. தலை சுற்றுகிறது, நாளைக்குப் பார்க்கலாம் என்றாள். அடுத்த நாள், வெள்ளிக்கிழமைதான் நல்லது என்றாள். வெள்ளிக்கிழமையும் வந்து போனது. காலையில் தொழிற்சாலை வேலைக்குக் கிளம்புமுன் பழைய பூவை எடுத்துவிட்டுப் புதுப் பூ வைப்பாள், விளக்கேற்றி, துப்பாக்கிக்குப் புதிதாகக் குங்குமம் வைப்பாள். மாலையில் அவர் பூஜை முடிந்ததா என்று கேட்பார். இன்னும் இல்லைங்க என்பாள். அவர் போய் அடுப்படிப் படியில் உட்கார்ந்துகொள்வார். பல மாதங்களுக்குப் பிறகு சீதா அசந்து தூங்கினாள்.

அவளைப் பார்த்துச் சிரிக்க, இதைச் சொல்கிற எனக்கு மனம் வரவில்லை. போலீஸும் பூட்டும் காப்பாற்றாது என்று பயந்த மனுஷனை ஒரு சிட்டிகைக் குங்குமம் காப்பாற்றும் என்று நம்பினாள். வேறு எதை நம்புவாள், பாவம்.

பக்கத்து ஊரான மேருவில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டுகிற வேலை அவளுக்கு. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் புனிதா போன் செய்தபோது, தான் கண்டுபிடித்த உபாயத்தைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள்.

"அக்கா, பூட்டுக்குள்ள இருந்தத வெளிய எடுத்து வெச்சிருக்க. தோட்டா அலமாரி சாவி இன்னும் மாமா இடுப்புலதான இருக்கு?"

சீதா சூப்பர்வைசரிடம் எதையோ உளறிவிட்டு, முதலில் கிடைத்த வாடகைக் காரில் ஏறினாள். வழியெல்லாம் லோரிகள். வீட்டுக்குப் போன் செய்தாள், அவர் எடுக்கவில்லை. மறுபடி செய்தாள். ஜீவன் போன அன்றும் இதே சாலையில் இப்படித்தான் போன் அடித்துக்கொண்டே வந்தாள்.

கதவு திறந்து கிடந்தது. சாமி படத்துக்கு முன்னால் விளக்கு அணைந்திருந்தது. அரிவாள் இருந்தது, மண்வெட்டி இருந்தது, துப்பாக்கியும் இருந்தது. ஆனால் அது கோணலாகக் கிடந்தது. கட்டையில் காலையில் அவள் வைத்த குங்குமம் அழிந்து, சந்தனத்தின் மேல் விரல்கள் இழுபட்ட தடம் தெரிந்தது.

அவள் பின்கட்டுக்கு ஓடினாள். வேலாயுதம் அடுப்படிப் படியில் உட்கார்ந்திருந்தார். வலது உள்ளங்கையை விரித்து மடியில் வைத்திருந்தார். அது சிவந்திருந்தது. கிட்டே போய்க் குனிந்து பார்த்தபிறகுதான் குங்குமம் என்று தெரிந்தது. பக்கத்தில் அப்படியே உட்கார்ந்தாள்.

"தொட்டுட்டேன் சீதா," என்றார். "தூக்கவும் தூக்கிட்டேன். கையெல்லாம் செவப்பாயிருச்சு. நீ தெனம் பூ மாத்துறது ஞாபகம் வந்துச்சு. நீ எதுக்கு மாத்துறன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

அவர் வீட்டுக்குள் சாமி படத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"அதான் திருப்பி வெச்சிட்டேன். ஆனா நாளைக்கும் ஞாபகம் வரும்னு என்னால சொல்ல முடியல."

சீதா அழுதாள். அழுதுகொண்டே, இத்தனை நாள் தொண்டையில் நின்றதைச் சொன்னாள்.

"பைக் வாங்குனது நீங்க மட்டும் இல்லைங்க. அதுக்குப் பொட்டு வெச்சு, சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வெச்சு அவன ஏத்தி அனுப்புனது நான்தான். நீங்க எந்தத் தப்பும் பண்ணல."

வேலாயுதம் தலையைக் குனிந்துகொண்டார். அவர் தோள் குலுங்கியது. பிள்ளையை எடுத்த அன்றுகூட அவர் அழவில்லை.

லைசென்ஸ் தன் பேரில்தான் இருக்கிறது, தானே கொண்டுபோய் ஸ்டேஷனில் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். சீதா ஒத்துக்கொள்ளவில்லை. அவ்வளவு தூரம் அவரையும் அதையும் ஒரே காரில் அனுப்ப அவளால் முடியாது. சாவியை வாங்கித் தன் முந்தானையில் முடிந்துகொண்டு போனை எடுத்தாள்.

"ஜீப் வரும் சீதா. தெருவே பாக்கும்."

"பாக்கட்டும்."

ஜீப் வந்தது. தெரு பார்த்தது. வந்த போலீஸ் சார்ஜன் மலாய்க்காரர், நடுத்தர வயது. துப்பாக்கி பலகையில் கிடந்த கோலத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. அலமாரிக்கு வெளியே இத்தனை நாள் வைத்திருந்ததே குற்றம், கேஸ் ஆகலாம் என்று கடிந்துகொண்டார். கட்டையில் இருந்த சிவப்பைப் பார்த்து ரத்தமா என்று கேட்டார். சாமிக்கு வைத்தது என்று சீதா தனக்குத் தெரிந்த மலாயில் சொன்னாள். அவர் பார்வை சுவரில் மாலை போட்டிருந்த ஜீவனின் படத்துக்குப் போய்விட்டு வந்தது. எதற்காக ஒப்படைக்கிறீர்கள் என்று கேட்டார். வயதாகிவிட்டது, பன்றி வேட்டைக்கு இனி முடியாது என்று ஏதாவது சொல்லச் சீதா வாயெடுத்தாள்.

வேலாயுதம் முந்திக்கொண்டார். வாசலில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்கும்படி, நிறுத்தி நிறுத்தி மலாயிலேயே சொன்னார். மகன் போய்விட்டான். எனக்குச் சாகவேண்டும் போல இருக்கிறது. இது என் கிட்டே இருக்கக்கூடாது.

சார்ஜன் எழுதுவதை நிறுத்திவிட்டார். பிறகு குரலை இறக்கி, அண்ணே, நாளைக்குக் காலையில் கிள்ளான் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள், நான் போன் போட்டுக் கேட்பேன் என்றார். துப்பாக்கியையும் தோட்டாக்களையும் சாவியையும் எடுத்துக்கொண்டார். பொட்டைத் துடைக்கவில்லை. கேஸ் வருமா வராதா என்பது பற்றி அதற்குமேல் அவரும் பேசவில்லை, இவர்களும் கேட்கவில்லை.

ஜீப் போனபின் தெருவும் மெல்லக் கலைந்தது. புனிதா அடுத்த ரயிலில் கிளம்பி வருவதாகச் சொல்லியிருந்தாள். சீதா உலை வைத்தாள். இந்த ஒரு நாளோடு எல்லாம் சரியாகிவிடும் என்று அவள் நினைக்கவில்லை. நாளை ஆஸ்பத்திரி இருக்கிறது, அதற்கடுத்த நாள் இருக்கிறது, அதற்கடுத்த நாளும் இருக்கிறது. பயம் எங்கும் போய்விடவில்லை. ஆனால் இனி அதை அவள் மட்டும் சுமக்க வேண்டியதில்லை.

கையைக் கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம் என்று கூப்பிட்டாள். வேலாயுதம் படியை விட்டு அசையவில்லை. சிவந்த உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ கழுவி விடு," என்றார்.

அவள் சொம்பில் தண்ணீர் எடுத்துவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். சின்ன வயதில் ஜீவனுக்குக் கழுவிவிட்டதைப் போலவே, விரல் இடுக்குகளையெல்லாம் தேய்த்துக் கழுவினாள். தண்ணீர் சிவப்பாக ஓடிப் பிறகு வெளுத்தது. முந்தானையால் கையைத் துடைத்துவிட்டு, உள்ளே போய்ச் சோறு போட்டாள்.