கோர்டனின் வேலியும் மயங்கி விழுந்த கௌபோயும்

நான் இருக்கும் இந்த அல்பேர்ட்டாச் சிற்றூரில் தொப்பிக்கும் ஒரு கதிரை போடுகிறார்கள். மெய்யாகத்தான். கோப்பிக் கடைக்குள் ஒரு மனுசன் வந்தால், தன் அகன்ற கௌபோய்த் தொப்பியைக் கழற்றிப் பக்கத்துக் கதிரையில் மல்லாத்தி வைத்துவிட்டுத்தான் தான் இருப்பார். நிற்கிறவர்கள் நிற்கட்டும், தொப்பி இருக்கிற கதிரையை யாரும் கேட்பதில்லை. காலில் கூர்ச் சப்பாத்து, இடுப்பில் தகரப் பேணி மூடி அளவுக்கு ஒரு பெல்ட் பக்கிள். குதிரையைத் தேடினால் வாசலில் ட்ரக் நிற்கும். வந்த புதிதில், ஏதோ பள்ளிக்கூட நாடகத்துக்கு வெளிக்கிட்டு நிற்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். மற்றப்படி எனக்குப் பெரிய அதிர்ச்சி ஒன்றுமில்லை. இவர்களை நான் எங்கள் ஊர் புங்குடுதீவு மடத்துவெளியிலேயே பார்த்திருக்கிறேன்.

பக்கத்து வீட்டுக் கோர்டன் மனைவியை இழந்த கிழவர். வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் தன் கராஜுக்குள் பெரிய ரீவியில் பழைய கௌபோய் படம் போடுவார். அவர் வயதில் இன்னும் சிலர் வருவார்கள். ஆளுக்கொரு நடிகர், சுவரில் ஆளுக்கொரு படம். ஒருவருக்கு ஆடி ஆடி நடக்கிறவர் உயிர். இன்னொருவருக்குக் கண்ணை இடுக்கிப் பார்க்கிறவர். எந்த நடிகர் திறம் என்று அவர்கள் பிடிக்கும் சண்டையைப் பார்த்தால், இனிச் செத்தாலும் முகம் பார்த்துக் கதைக்கமாட்டார்கள் போலிருக்கும். ஒரு நத்தார்ப் பண்டிகைக்கு வீட்டில் பொரித்த ரோல்ஸ் கொடுக்கப் போன நான் திரையைப் பார்த்துவிட்டு, "ஐயோ, இவரை எனக்குத் தெரியும்!" என்று கத்திவிட்டேன். அன்றிலிருந்து அங்கே எனக்கும் ஒரு கதிரை. இந்த ஊரில் வேறு தமிழ்ச் சனம் இல்லை. என் மனுசனோ வேலையால் வந்தால் கதைக்கச் சீவனில்லாமல் படுத்துவிடுவார். அந்தக் கராஜ் கதிரையும் இல்லையென்றால் எனக்குப் போக்கிடமே கிடையாது.

மடத்துவெளியில் செல்லத்தம்பி அண்ணை என்பவர் ரீவியும் டெக்கும் வைத்திருந்தார். கொழும்பிலிருந்து யாரோ கொடுத்துவிட்ட கௌபோய் கசெற்றுகள் ஒரு பெட்டி நிறைய. மின்சாரத்துக்கு எஞ்சினைப் போட்டு முற்றத்தில் படம் காட்டுவார். படத்தின் சத்தத்தை மட்டும் வைக்கமாட்டார். சண்டைக் காலம். ரீவியில் வெடி கேட்டால் அயல் சனம் பதுங்குகுழிக்குள் ஓடும். ஆகவே அண்ணையே பக்கத்தில் நின்று கதை சொல்வார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. அதனால் என்ன? இரண்டு பேர் முறைத்துக்கொண்டு நின்றால் அது எதற்கு என்று தீவாருக்குத் தெரியாதா?

"பாருங்கோ, இவர் மூத்த மச்சான். அந்த மீசைக்காரன் இளையவன். சீதனக் காணி. விடியப்புறம் வந்து வேலியை ஒரு முழம் தள்ளிப் போட்டிட்டான். இவர் விடுவாரே?"

"விடக்கூடாது!" என்று என் பெரியம்மா எழும்பி நின்று கத்துவா. கடைசியில் துவக்கு எடுப்பார்கள், ஒருவர் விழுவார். செத்தவீட்டுக்கு மேல் செத்தவீடு பார்த்த சனத்துக்கு இன்னுமொன்றைக் காட்ட அண்ணைக்கு மனம் வராது. "பயப்பிடாதேங்கோ, வெயிலுக்கு மயங்கிட்டார்," என்பார். அடுத்த படத்தில் அதே ஆள் உயிரோடு வருவார். நாங்கள் கை தட்டுவோம். எனக்குப் பிடித்த நடிகர் அவர்தான், படத்துக்குப் படம் மயங்கி விழுகிற அந்த மெலிந்த மனுசன். கராஜ்காரருக்கு அவர் பெயர்கூடத் தெரியாது. சாவதற்கென்றே வருகிற ஆள் என்றார்கள். "மயக்கம்தான்," என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். துவக்குச் சூடு பட்டவன் என்ன ஆவான் என்று எனக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. அந்த ஆளைச் சாகவிட எனக்கு மனமில்லை, அவ்வளவுதான்.

இப்படிச் சந்தோசமாக இருக்கையில், இந்த வசந்தத்தில் அடித்த காற்று எங்களுக்கும் கோர்டனுக்கும் நடுவே நின்ற பலகை வேலியைச் சாய்த்துவிட்டது. கடைக்குப் போய்விட்டு வந்து பார்க்கிறேன், கோர்டன் கட்டை அடித்து நூல் கட்டியிருக்கிறார். நூல் எங்கள் பக்கம் ஒரு சாண் வந்து நிற்கிறது!

"இஞ்சாருங்கோ, எழும்பி வாங்கோ! கோர்டன் வேலியைத் தள்ளிட்டார்," என்று என் மனுசனை எழுப்பினேன்.

"விடுமப்பா. ஒரு சாண் தானே. அதில புல்லுகூட முளைக்காது."

"ஒரு சாண் தானேயோ? உங்களுக்குக் கட்டிக் குடுத்த என்ர அப்பரைச் சொல்லவேணும்."

யாழ்ப்பாணம் ரவுணில் மதில் வீட்டில் வளர்ந்த மனுசனுக்கு வேலியின் அருமை எங்கே தெரியப்போகிறது! விடியப்புறம் நானே போய்க் கட்டைகளைப் பிடுங்கி உரிய இடத்தில் அடித்தேன். மத்தியானம் பார்த்தால் அவை திரும்பவும் இங்கே. மறுநாள் நான் அடித்தேன், பிறகு அவர் அடித்தார். ஒருவரோடொருவர் ஒரு சொல் கதைக்கவில்லை. அவர் ட்ரக்குக்குப் பக்கத்தில் நின்று கண்ணை இடுக்கிப் பார்ப்பார். நான் குசினி யன்னலால் முறைப்பேன். பின்னணி இசை ஒன்றுதான் குறை. வாசிக்கிற உங்களுக்குச் சிரிப்பாகத்தான் இருக்கும். வெள்ளிக்கிழமை வந்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. போகாவிட்டால் கதிரை போய்விடும். போனால் சாண் போய்விடும்.

செல்லத்தம்பி அண்ணைக்கு வட்சப்பில் எடுத்தேன். அவர் இப்போதும் மடத்துவெளியில்தான்.

"அண்ணை, பக்கத்து வீட்டுக்காரன் வேலியைத் தள்ளிட்டான்."

"அங்கையுமோ!" மனுசனுக்கு அப்படியொரு சந்தோசம். "ஆள் ஆர், மச்சானோ?"

"வெள்ளைக்காரன் அண்ணை. கௌபோய் படக்காரன்."

"அப்ப மச்சான்தான். சரி, பொட்டு விட்டவனோ?"

பொட்டு! பக்கத்து வளவுக்குக் குனிந்து போய்வர வேலியில் விடுகிற இடைவெளி. எங்கள் தீவில் எல்லைக்காகக் கோட்டில் வழக்காடியவர்கள்கூடப் பொட்டை அடைக்கமாட்டார்கள். கறி கொடுக்க, உப்பு வாங்க, ஊர்க்கதை கதைக்க அதுதான் பாதை. கோர்டன் பிடித்த நூலில் அப்படியொன்று இல்லவே இல்லை.

"இல்லை அண்ணை."

"அதுதானே பாத்தன். வேலி எங்கையெண்டாலும் நிக்கட்டும் பிள்ளை, முதல்ல பொட்டைக் கேள். பொட்டில்லாட்டி அது ஆரும் கிட்டப் போகேலாத நேவிக் காம்ப் வேலி."

போனேன், ரோல்ஸ் இல்லாமல். என் கதிரை இருந்த இடத்தில் இருந்தது. படம் தொடங்கியதும் எழும்பிப் போய்ச் சத்தத்தை நிறுத்தினேன். திரைக்குப் பக்கத்தில் நின்று, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கதை சொல்லத் தொடங்கினேன். இவர் மூத்த மச்சான். மீசைக்காரன் பக்கத்து வளவு. மீசைக்காரன் வேலி போட்டான், ஆனால் நடுவில் வழி விடவில்லை. இனி மச்சானின் மனுசி ரோல்ஸ் தட்டத்தோடு எதால் வருவாள்? மற்றவர்கள் சிரித்தார்கள். கோர்டனின் காது சிவந்துவிட்டது.

"தெருவால் வரலாமே," என்றார்.

"தெருவால் வருகிறவர்கள் விருந்தாளிகள்," என்றேன்.

திரையில் என் மெலிந்த மனுசன் கூரையிலிருந்து விழுந்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, கோர்டன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "மயக்கம்தான்," என்றார்.

அந்த வாரமே புது வேலி எழும்பியது. எல்லை எங்கே நின்றது என்று நான் பார்க்கவில்லை. பொய், பார்த்தேன், அரைச் சாண் திரும்பி வந்திருக்கிறது. நடுவில் ஒரு பொட்டு. ஆனால் பொட்டு என்றால் எவ்வளவு அகலம் என்று கோர்டனுக்கு யார் சொன்னது? தன் ஒடிசல் உடம்புக்கு அளவாக விட்டிருக்கிறார். அடுத்த வெள்ளிக்கிழமை, தடித்த ஜக்கெற்றோடு, ரோல்ஸ் தட்டத்தை முன்னால் நீட்டியபடி நுழைந்தேன். பாதியில் இறுகிவிட்டேன். முன்னாலும் ஏலாது, பின்னாலும் ஏலாது. கோர்டன் ஓடிவந்து முதலில் தட்டத்தைக் காப்பாற்றினார், பிறகுதான் என் வலக்கையைப் பிடித்தார். என் கூச்சலுக்கு நித்திரையால் எழும்பி வந்த மனுசன் இந்தப் பக்கத்தில் நின்று இடக்கையைப் பிடித்தார்.

"எந்தப் பக்கம் இழுக்கட்டும்?" என்று கோர்டன் ஆங்கிலத்தில் கேட்டார்.

"எந்தப் பக்கமப்பா இழுக்கிறது?" என்று இவர் தமிழில் கேட்டார்.

இரண்டு பேருக்கும் இரண்டு பாஷையிலும் ஒரே பதிலைத்தான் சொன்னேன்.

"கொஞ்சம் பொறுங்கோ. யோசிச்சுச் சொல்லுறன்."